சரூல் சாப்பாட்டுக்குப் போன் பண்ணிய நாள்

பேய் இல்லாத நாளில் வீடு மாறினால்தான் விளங்கும் என்று எங்கள் கொரியாவில் ஒரு நம்பிக்கை. காலண்டரில் அந்தத் தேதிகளைப் பார்த்துவிட்டு ஊரே ஒரே நாளில் மூட்டை கட்டும். பேய்க்கு லீவு, வீடு மாற்றும் கூலிகளான எங்களுக்கு முதுகு ஒடியும். வீடு மாறுகிற அன்றைக்கு மத்தியானம் சீனக் கடையிலிருந்து கறுப்பு சாஸ் நூடுல்ஸ் வரவழைத்துத் தின்ன வேண்டும் என்பது இன்னொரு சட்டம். யார் போட்டதோ தெரியாது, மீறினவரை நான் பார்த்ததில்லை. அதனால் அன்றைக்குச் சீனக் கடைகளில் போன் எடுக்கிறவர்கள் மனுஷர்களாகவே இருக்க மாட்டார்கள். வள்ளென்று விழுவார்கள்.

இத்தனை நாள் இருக்க, அப்படி ஒரு நாளைத் தேடிப் பிடித்துத்தான் எங்கள் மேஸ்திரி பியோ, சரூலைப் பார்த்து, "இன்னிக்குச் சோத்துக்கு நீ போன் பண்ணு" என்றார்.

சரூல் மங்கோலியாக்காரி. நாற்பது வயது இருக்கும். எங்கள் பூச்சோன் நகரத்துக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. எங்கள் லாரியில் சமையல்கட்டு அவள் பொறுப்பு. கிம்ச்சி ஊறுகாய் ஜாடி ஒழுகாமல் கட்டுவதும், பீங்கான்களைத் துணியில் சுற்றுவதும், பழைய வீட்டில் எந்தத் தட்டு எந்த அடுக்கில் இருந்ததோ அதே மாதிரி புது வீட்டில் அடுக்குவதும் அவள் வேலை. வாயும் சும்மா இருக்காது. சாமான் கீறிவிட்டது என்று பொய்ப் புகார் சொல்கிற வீட்டுக்காரியிடம் நேருக்கு நேர் நின்று கையை ஆட்டி ஆட்டிச் சண்டை போட்டு ஜெயித்திருக்கிறாள். ஆனால் அதெல்லாம் முகத்தைப் பார்த்துப் பேசும்போதுதான். போனைக் காதில் வைத்தால் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மறுமுனையில் இருப்பவர் வேகமாக எதையாவது கேட்டால், புரிந்தாலும் புரியாவிட்டாலும் "ஆமாங்க, ஆமாங்க" என்பாள். முதலாளிகளுக்கு ஆமாம் போட்டே ஆறு வருஷம் ஓட்டியவள், வேறு என்ன செய்வாள்?

செல்போன் செயலியில் வாங்கித் தொலைக்கலாமே என்று நானே கேட்டிருக்கிறேன். அந்தச் செயலி அவளைச் சேர்க்க மறுத்துவிட்டது. அவள் பெயர் பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, போன் கம்பெனியில் ஒரு மாதிரி, வங்கியில் இன்னொரு மாதிரி. மூன்றும் ஒத்துப்போகவில்லை என்று திரும்பத் திரும்பத் துப்பியது. இவள் ஒருத்திதான், மூன்று பேராக நிற்க முடியுமா?

விஷயம் சாப்பாடு மட்டும் இல்லை. முதலாளி இரண்டாவது லாரி வாங்கப் போகிறார். அதில் சமையல்கட்டுப் பொறுப்புக்கு வருகிறவள், முந்தின நாளே வாடிக்கைக்காரர்களுக்குப் போன் பண்ணி ஃப்ரிட்ஜ் எத்தனை, கண்ணாடிச் சாமான் எவ்வளவு என்று கேட்டுவைக்க வேண்டும். சம்பளமும் கூட. சரூல் அதைக் கேட்டுவிட்டாள். "சோத்துக்கே போன் பண்ணத் தெரியாதவளுக்கு அதை எப்படி வாங்கித் தர்றது? முதல்ல இதைப் பண்ணு, பாப்போம்" என்றுவிட்டார் பியோ. இந்த மனிதருக்குத் தராசு கிடைத்தால் ஈயைக்கூட நிறுத்துப் பார்ப்பார்.

புது வீட்டின் வெறும் கூடத்தில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நாங்கள் உட்கார்ந்திருந்தோம். மேஸ்திரி, நான், பீரோ தூக்குகிற டேசிக், பால்கனிக்குச் சாமான் ஏற்றுகிற ஏணி வண்டிக்காரர் குவாக். சரூல் எங்கள் எதிரே நின்று ஒவ்வொருவராக என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டு எண்ணை அழுத்தினாள். ஸ்பீக்கரில் போட்டாள், ஒளிக்க ஒன்றும் இல்லை என்கிற மாதிரி.

"சொல்லுங்க!" என்று ஒரு பெண் குரல் சீறியது.

"சாப்பாடு வேணுங்க. கறுப்பு நூடுல்ஸ் மூணு, கார சூப் நூடுல்ஸ் ஒண்ணு. அட்ரஸ் சொல்றேங்க…"

பேச்சின் சாயலைக் கேட்டதுதான் தாமதம், அந்த அம்மாவின் 'ங்க' பறந்துவிட்டது. "நீ எந்த ஊரு? பக்கத்துல கொரியாக்காரங்க யாரும் இல்லையா? போனை அவங்ககிட்ட குடு."

மேஸ்திரி கையை நீட்டினார். சரூல் தரவில்லை. காது மடல்கள் சிவந்துவிட்டன.

"நானே சொல்றேங்க. அட்ரஸ்…"

"உன் நம்பரைப் போட்டாலே எங்க கம்ப்யூட்டர்ல அட்ரஸ் வந்துடுது. போன தடவை அனுப்பின அதே வீடுதானே? சட்டுனு சொல்லு, இங்க ரெண்டு லைன் காத்துக்கிட்டிருக்கு."

"ஆமாங்க, ஆமாங்க."

லைன் அறுந்தது. டேசிக் கைதட்டினான். "சித்தி, கலக்கிட்டீங்க!" சரூல் தரையில் உட்கார்ந்து பெரிய மூச்சாக விட்டாள். எனக்கு அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. போன மாதம் இதே பகுதியில் வேறொரு வீட்டுக்குச் சாமான் இறக்கியபோது, மேஸ்திரி தன் போனில் சார்ஜ் இல்லை என்று சரூலின் போனை வாங்கித்தான் ஆர்டர் பண்ணினார். தினம் ஒரு வீட்டில் சோறு தின்கிற கூட்டத்துக்கு 'அதே வீடு' என்று ஒன்று ஏது? ஆனால் பசியில் நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பயந்தது நடந்தது. குவாக் இரண்டு சிகரெட் முடித்து, ஏணி வண்டிக்கு அடுத்த வேலை இருக்கிறது என்று முணுமுணுக்க ஆரம்பித்தபோது சரூலின் போன் அடித்தது. சாப்பாடு கொண்டுபோன ஆள். பூட்டிய வீட்டு வாசலில் நின்று கத்தினான்.

"மணி அடிச்சு அடிச்சு விரலே தேயுது. விளையாடறியா? நூடுல்ஸ் ஊறிப் பாயசமா ஆகுது. கொரியாக்காரங்க யாராவது இருந்தா குடு!"

இந்த முறை மேஸ்திரி கேட்கவில்லை, அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். "தம்பி, கோவிச்சுக்காதே. எங்க ஆளு வெளிநாடு. பாவம், ஒண்ணும் புரியாது. அது நம்ம தப்புதான், காசு தந்துடறோம். அதை அங்க காவலாளிகிட்ட குடுத்துடு, சாப்பிட்டுக்கட்டும்." சொல்லிவிட்டுச் சிரிக்க வேறு செய்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முழு விலாசமும் சொல்ல வாயெடுத்தவளை வெட்டியது அந்த அம்மா. விசாரிக்காமல் அனுப்பியதும் அந்த அம்மா. மன்னிப்பு மட்டும் இவள் பேரில்! "மேஸ்திரி, அவ அட்ரஸ் சொல்லத்தான் பாத்தா" என்றேன்.

"சொன்னாளா? இல்லியே. ஆமாம்னுதானே சொன்னா. நாளைக்கு வாடிக்கைக்காரன், பியானோ இருக்கு, நாலு ஆளை அனுப்பறியான்னு கேப்பான். அதுக்கும் ஆமாங்கன்னு சொல்லிட்டு ஒரு ஆளோட போய் நிப்பா."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் இன்னும் எரிச்சல். மேஸ்திரி அந்தப் போனிலேயே கடைக்குத் திரும்ப அழைக்கப் போனார். சரூல் எழுந்து வந்து அவர் கையிலிருந்து போனை எடுத்துக்கொண்டாள்.

"பாவம்னு சொல்லாதீங்க மேஸ்திரி" என்றாள். "தப்பு பண்ணினேன். திட்டுங்க. பாவம்னு மட்டும் சொல்லாதீங்க."

மறுபடி கடை. மறுபடி அதே குரல். "போன தடவை அனுப்பின…" என்று ஆரம்பித்தது.

"இல்லை" என்றாள் சரூல்.

ஆறு வருஷத்தில் போனில் அவள் சொல்லி நான் கேட்ட முதல் 'இல்லை' அது.

"என்ன இல்லை?"

"அந்த வீடு இல்லை. நான் சொல்றதை எழுதுங்க. நூத்தி மூணாவது பிளாக், பன்னண்டாவது மாடி, வலது கைப் பக்கம். எழுதினீங்களா? திருப்பிப் படிங்க."

"ஏம்மா, கொரியாக்காரங்க…"

"இங்க இருக்கறவங்க எல்லாம் பசியில இருக்காங்க, யாரும் பேச மாட்டாங்க. நான்தான் பேசுவேன். படிங்க."

கடாயில் கரண்டி மோதுகிற சத்தம் கேட்டது. பிறகு அந்த அம்மா படித்தாள், பல்லைக் கடித்துக்கொண்டுதான். சரூல் நூடுல்ஸ் வகைகளை மறுபடி சொன்னாள், மஞ்சள் முள்ளங்கி ஊறுகாய் நிறைய வைக்கச் சொன்னாள். ஆவி பறக்கச் சாப்பாடு வந்து சேர்ந்தது. டேசிக் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மேசை ஆக்கினான். ஆளுக்கு ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டோம். சாப்பாடு வந்த வெறும் பைக்குள் சரூலின் கை துழாவியது.

நாங்கள் ஐந்து பேர். வந்தது நான்கு கிண்ணம். எதிரே உட்கார்ந்திருந்த எங்களைக் கேட்டுக் கேட்டு எண்ணியவள், நின்றுகொண்டிருந்த தன்னை எண்ணவே இல்லை. முதல் தடவையும் அதே நான்குதான். அதை எங்களில் ஒருத்தரும் கவனிக்கவில்லை, சொல்ல வெட்கமாக இருக்கிறது.

டேசிக் வாய்க்குப் போன நூடுல்ஸை அப்படியே நிறுத்தினான். "சித்தி, இந்தாங்க, என்னோடதுல பாதி…"

"வேண்டாம். நீ தின்னு."

"விடு சரூல், ஒரு கிண்ணத்துக்கு எவனும் வர மாட்டான். குடு, நான் கெஞ்சிப் பாக்கறேன்" என்று மேஸ்திரி கை நீட்டினார். அவள் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக் கதவு வரைக்கும் போய்விட்டாள்.

"நூத்தி மூணாவது பிளாக்தான் பேசறேன். இன்னொரு கறுப்பு நூடுல்ஸ் வேணும்."

"ஒண்ணா? இன்னிக்குக் கூட்டத்துல ஒண்ணுக்கெல்லாம் வண்டி அனுப்ப முடியாதும்மா. குறைஞ்சது ரெண்டு இருக்கணும். யாருக்கு இது?"

சரூல் திரும்பி எங்கள் நான்கு கிண்ணங்களைப் பார்த்தாள். மேஸ்திரி பாதி எழுந்துவிட்டார்.

"எனக்கு" என்றாள். "அப்ப ரெண்டா அனுப்புங்க. ரெண்டையும் நானே தின்னுக்கறேன்."

மேஸ்திரி மறுபடி உட்கார்ந்து, கிண்ணத்தைக் கிளற ஆரம்பித்தார். "ரெண்டாவது லாரிக்கு இப்ப என்ன சொல்றீங்க?" என்று கேட்டேன். "இனி நான் என்ன சொல்றது? இல்லைன்னு சொன்னா என்னையும் திருப்பிப் படிக்கச் சொல்லுவா. சாயங்காலம் முதலாளிகிட்ட பேசறேன்" என்றார் அவர், என்னைப் பார்க்காமல்.

நாங்கள் தின்று முடித்து, குவாக் ஏணியை மடக்கிக்கொண்டிருந்தபோது இரண்டு கிண்ணம் வந்தது. சரூல் பெட்டி ஓரமாகச் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். முதல் கிண்ணத்தைப் பசிக்குத் தின்றாள். இரண்டாவதை ஆத்திரத்துக்குத் தின்றாள்.