சாங்கியில் பாய் விரித்த இடம்

நான் கப்பலிலிருந்து இறங்கி நான்காம் நாள். அக்கா குடும்பம் என்னை லாரியில் சாங்கி கடற்கரைக்குக் கூட்டி வந்திருக்கிறது. மரத்தடியில் ஜனங்கள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கிறார்கள். தண்ணீரை ஒட்டி மணல் காலியாகக் கிடக்கிறது. இந்த ஊர்க்காரர்களுக்குக் கடலை அனுபவிக்கத் தெரியவில்லை. அக்கா தடுத்தும் கேட்காமல், பாயையும் எட்டுப் பேருக்கான புளிச்சோற்றுப் பாத்திரத்தையும் அங்கே கொண்டுபோகிறேன்.

தலையில் கடலைத் தட்டோடு ஒருவர் வருகிறார்.

"அண்ணே, இங்க உட்காராதீங்க. தண்ணி வரும் லா."

"நான் தூத்துக்குடிக்காரன். கடலைப் பத்தி எனக்குச் சொல்றீங்களா?"

"அங்க கடல் ஒரு இடத்துல நிக்கும். இங்க போயிட்டுப் போயிட்டு வரும்."

பாயை விரித்துப் படுத்துக்கொள்கிறேன்.

முதுகு சில்லிட்டதும் விழிக்கிறேன். பாய் ஊறிவிட்டது. புளிச்சோற்றுப் பாத்திரம் மூடியோடு மிதந்து, எதிரே தெரியும் உபின் தீவுக்குக் கிளம்பிவிட்டது. வேட்டியைப் பிடித்துக்கொண்டு நான் தடுமாற, கடலைக்காரர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, தலைத்தட்டு ஆடாமல் அதைப் பிடித்து வருகிறார்.

மரத்தடியில் எல்லாரும் நெருங்கி உட்கார்ந்து எனக்கு இடம் விடுகிறார்கள். அக்கா ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்து, "உப்பு சரியா இருக்கு," என்கிறாள்.

பக்கத்துப் பாயிலிருந்து ஒரு பெரியவர் கேட்கிறார்: "தம்பிக்கு எந்த ஊரு?"

"கோவில்பட்டிங்க. அங்க கடலே கிடையாது."