கழித்துப் போட்ட எடை

பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டுக்கு இரண்டு பேர் அழைக்காமலே வருவார்கள். ஒருத்தி, புத்தி சொல்லும் பக்கத்து வீட்டுக்காரி. இன்னொருத்தி, தராசக்கா. முன்னவளைச் சமாளித்து அனுப்பிவிடலாம். தராசக்காவிடம் அந்தப் பாச்சா பலிக்காது. கதவைத் திறக்காவிட்டால் படிக்கட்டில் உட்கார்ந்துவிடுவாள்.

சலவைக் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் நடக்கும் தாய்சேய் மையத்தில் அவளுக்கு வேலை. தராசைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவாள். அதற்கு முன் பார்சல் ஆபீசில் எடை போட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் காலத்தில்தான் இரண்டு பிள்ளைகளையும் பெற்றாள். புருஷன் லாரியே கதி என்று கிடக்க, பசி எது தூக்கம் எது என்று தெரியாமல் தனி ஆளாக வளர்த்தாள். என்ன ஏது என்று கேட்க ஒரு ஜீவன் கதவைத் தட்டியதில்லை. அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம். முட்டி வலியோடு அவளை மாடி மாடியாக ஏற்றுவது அந்தக் கோபம்தான்.

அவள் எடை போடுகிற முறை எளிது. குழந்தையைத் தனியாகக் கிடத்தினால் துள்ளும், முள் நிற்காது. அதனால் முதலில் தாயையும் பிள்ளையையும் சேர்த்துத் தராசில் நிறுத்துவாள். பிறகு தாயை மட்டும். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் குழந்தையின் எடை. பெட்டியின் எடையைக் கழித்துச் சரக்கின் எடையைச் சொல்லிப் பழகியவளுக்கு இது தண்ணீர் பட்ட பாடு.

ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு பெண். முதல் பிரசவம். புருஷனுக்கு ரொட்டிக் கடையில் இரவு வேலை. பகலெல்லாம் அந்த ஒற்றை அறையில்தான் தூங்குவான். தராசக்கா போனால் அந்தப் பெண் உதட்டில் விரலை வைத்துக்கொண்டே கதவைத் திறப்பாள். சமையல் மூலையில் நின்று கிசுகிசுவென்று பேச்சு. குழந்தை தோளை விட்டு இறங்காது. இறக்கினால் அழும், அழுதால் அவன் எழுந்துவிடுவானே. எல்லாம் நல்லாயிருக்கு என்று சிரிப்பாள். அன்றைக்கும் அப்படியே. குழந்தை நன்றாகத் தேறியிருந்தது. தராசக்கா அவள் முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டு இறங்கினாள்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் கால் நின்றுவிட்டது. இருவரையும் சேர்த்து நிறுத்தியபோது முள் காட்டியது போன மாதம் காட்டிய அதே இடம். குழந்தை ஏறியிருக்கிறது, முள் ஏறவில்லை. அப்படியானால் இறங்கியது யார்?

அவளுக்குச் சுரீரென்றது. இத்தனை நாளாக எத்தனையோ தாய்மார்களை ஏற்றி இறக்கி, அவர்கள் எடையைக் காலிப் பெட்டியின் எடையாகக் கழித்துத் தூரப் போட்டிருக்கிறாள். தன்னை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை என்று கோபப்பட்டவள், அதையே தன் கையால் செய்திருக்கிறாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. வந்த வழியே திரும்பி ஏறினாள்.

இந்த முறை குழந்தையைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்த்தாள். அது துடைத்து வைத்தது வைத்தபடி இருந்தது. தட்டுகள் ஒன்றோடொன்று உரசாதபடி நடுநடுவே அந்தப் பெண் துணியை மடித்து வைத்திருந்தாள். துருவித் துருவிக் கேட்டபின் விஷயம் வந்தது. பாத்திரம் உருண்டால் சத்தம் வரும் என்று பகலில் சமைப்பதே இல்லை. அவன் வேலைக்குப் போனபின் செய்யலாம் என்றால் அதற்குள் உடம்பு அசந்துவிடுகிறது. அவன் கொண்டுவரும் ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்தால் அன்றைய பாடு முடிந்தது.

"குழந்தை நல்லாயிருக்குல்லக்கா, அது போதும்."

"போதாது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேற. அவர் எந்திரிக்கட்டும், பேசிட்டுத்தான் போவேன்."

காசுத் தகராறில் சொல்கிற பழமொழியை வயிற்றுக்கே சொல்லிவிட்டாள். ராத்திரி பூரா அனலில் வேகிற மனுஷன், அவரை ஒன்றும் சொல்லிவிடாதீர்கள் என்று பெண் கெஞ்சினாள். குடும்ப விஷயத்தில் தலையிடாதே என்று மையத்தின் மேற்பார்வையாளரும் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். தராசக்கா வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அவன் எழுந்து வந்ததும் பெண்ணைத் தராசில் ஏறச் சொன்னாள். குழந்தையை வாங்கி அவன் கையில் கொடுத்தாள். முள் இறங்கி நின்றது. போன மாதம் எங்கே நின்றது என்று விரல் வைத்துக் காட்டினாள். துணி மடித்த தட்டுகளையும் காட்டினாள். அவன் முகம் வெளிறிப் போயிற்று.

"அக்கா, நான் மாவு பிசையிற மெஷினுக்குப் பக்கத்துலயே மூட்டை மேல சாஞ்சு தூங்குறவன். இடி விழுந்தாலும் எனக்குத் தெரியாது. சத்தம் போடாதேன்னு இவகிட்ட ஒரு நாளும் நான் சொன்னதில்லை."

"போடுன்னும் சொன்னதில்லையே," என்றாள் பெண்.

அவன் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, தட்டுகளுக்கு நடுவே இருந்த துணிகளை ஒவ்வொன்றாக உருவினான்.

மறுநாளிலிருந்து அந்தப் பெண் மதியத்தில் மையத்துக்கு வந்தாள். குழந்தையை மற்ற தாய்மார்கள் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ள, இரண்டு கையும் காலியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். மையத்தில் போடும் சாப்பாடு குழந்தைகளுக்கு மட்டும்தான் என்று மேற்பார்வையாளர் இழுத்தார். தாய்க்கும் ஒரு தட்டு வைக்கும்வரை தராசக்கா அவர் மேசையை விட்டு நகரவில்லை. வீடுகளில் எடை போடும்போதும் தாயின் எடையைத்தான் இப்போது முதலில் உரக்கச் சொல்கிறாள்.

அடுத்த மாதம் அந்தக் கட்டடத்தில் ஏறும்போது மேலேயிருந்து தடதடவென்று பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. ஊடே ஒருவனின் குறட்டை. தராசைத் தோளிலிருந்து இறக்கும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டே அந்தச் சத்தத்தை ஆசை தீரக் கேட்டாள்.