மேட்டு மண்

விளாத்திகுளத்துக்குக் கிழக்கே எங்கள் கரிசல் காடு சரிவில் கிடக்கிறது. மேலே அண்ணன் காடு, கீழே என் காடு, நடுவில் ஒரு மண் கரை. அந்தக் கரை இல்லையென்றால் ஒரே மழையில் மண் முழுக்க ஓடைக்குப் போய்விடும். அடியில் வெறும் வெள்ளைச் சுக்கான் பாறைதான். மழைத்தண்ணீர் வடியக் கரையில் விட்ட கல் மடை வழியாக என் காட்டில் வந்து படியும் அண்ணன் மண்ணை, சித்திரையில் கூடை கூடையாகச் சுமந்து அவன் காட்டிலேயே கொட்டிவிடுவேன். ஆடியில் இருவரும் சேர்ந்து கரையை உயர்த்துவோம். எங்கள் பக்கத்து வழக்கம் அது.

போன ஆடியில் அண்ணன் போன் செய்தான். “ஏலே, உப்பளத்து வேலையை விட்டுட்டு நீ வராண்டாம். கரையை நான் பாத்துக்கிடுதேன். உன் காட்டையும் நானே விதைச்சிருதேன்.”

கூடப் பிறந்தவன் சொன்னால் நம்பாமல் என்ன செய்வது?

தூத்துக்குடி உப்பளத்தில் அப்போது மழைக்கு முன் வரப்பு உயர்த்தும் வேலை. லாரியில் கரிசல் மண் வந்து இறங்கியது. பல வருசம் இறுகிய மண், கட்டி கட்டியாக, ஆவாரம் வேரோடு.

“அருமையான மண்ணு அண்ணாச்சி! எங்கன புடிச்சிய?” என்று லாரிக்காரரிடம் கேட்டேன்.

“விளாத்திகுளம் பக்கம்” என்றார்.

நம்ம ஊர் மண் என்று எனக்குப் பெருமை வேறு! வேரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, வெறுங்காலால் மிதித்து மிதித்து வரப்பைக் கெட்டியாக்கினேன்.

ஐப்பசியில் மழை கொட்டி உப்பள வேலை நின்றது. மறுநாள் ஊருக்குப் போனேன். கரையைக் காணோம். கரை காக்க நாங்கள் வைத்த ஆவாரஞ்செடிகளையும் காணோம். லாரி இறங்கிய தடத்தைத் தண்ணீர் ஆழமாக அறுத்திருந்தது. என் காட்டில் உளுந்து முளைத்திருக்க வேண்டிய இடத்தில் பாறை வெள்ளை வெளேரென்று கிடந்தது. அப்போதுதான் உப்பளத்தில் நான் பிடுங்கி எறிந்த ஆவாரம் வேர் நினைவுக்கு வந்தது. அடப்பாவி!

“கரை மண்ணுதாம்ல கெட்டியா நிக்கும்னு உப்பளத்துக்காரவ கேட்டாவ, வெலைக்குக் குடுத்துட்டேன். அடுத்த வருசம் போட்டுக்கிடலாம்” என்றான் அண்ணன்.

“வேலியே பயிரை மேய்ஞ்சா நான் எங்கன போயி அழ?” என்று கத்தினேன். அந்நியன் செய்திருந்தால் போலீசுக்குப் போயிருப்பேன். இவனை என்ன செய்ய?

சித்திரை வந்தது. என் காட்டு மூலையில் அவன் மண் கொஞ்சம் தங்கியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு, வெட்கமே இல்லாமல் கூடையோடு வந்து நின்றான்.

“ஏலே, இந்த வருசம் எம் மண்ணைக் கொண்டாந்து போடலியே?”

கூடையைப் பிடுங்கி அவன் காலடியில் எறிந்தேன்.

“நம்ம மண்ணு உப்பளத்துல கெடக்கு. போயி அள்ளிக்கோ. என் காலாலதான் மிதிச்சுப் போட்டிருக்கேன்.”