எழுத்தில் இல்லாத அணில்

ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா அலுவலகத்தில் ஓய்வு பெற்ற மறுவாரமே, ராஜபாளையத்துக்கு மேற்கே இருந்த எங்கள் தோட்டத்து வீட்டுக்கு வந்துவிட்டேன். கணவரை இழந்த அக்கா அங்கே தனியாக இருந்தாள். முழங்கால் மடங்காது. பின்பக்கச் சன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மரங்களையே பார்த்திருப்பாள். புதரை வெட்ட விடமாட்டாள். விழுந்த பழத்தைப் பொறுக்கவும் விடமாட்டாள். கீரியும் உடும்பும் கூச்சத்தோடு வந்து போகும்.

"மலையணில் வந்துச்சுலே. சாம்பக் கலரு. பூனத் தண்டி இருக்கு" என்றாள் ஒருநாள்.

நான் போய்ப் பார்த்தபோது மாமரம்தான் இருந்தது.

"எத்தனை மணிக்கு? சாட்சி யாரு?"

"ஆமா, உன் ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுட்டுத்தான் அது மாங்கா திங்கும். நீ ஆயுசு பூரா பார்த்தது பேப்பரு. இது உசுருலே."

அப்புறமும் அவள் பலமுறை பார்த்தாள். நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. ஆள் அரவம் கேட்டால் கொப்போடு கொப்பாக ஒட்டிக்கொள்ளுமாம்.

பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் எட்டிப் பார்த்து, எங்கள் புளியமரத்து இலை அவர் தண்ணீர்த் தொட்டியில் விழுவதாகச் சொன்னார். தலையாட்டிவிட்டு மறந்திருக்கலாம். பழக்கதோஷம், "எழுதிக் கொடுங்க" என்றேன். கொடுத்துவிட்டார். எழுத்தில் வந்த மனுவைக் கிடப்பில் போட முடியாது. நானே புலத்தணிக்கை செய்தேன், நானே உத்தரவும் போட்டேன். அவர் மாடிக்கு மேலாகப் போய் ஓடைக்கரை மருதமரத்தைத் தொட்டுக்கொண்டிருந்த ஒற்றைப் புளியங்கொப்பை வெட்ட ஆள் வந்தது.

"அது மேலதாம்லே அணில் நடந்து வருது. தரையில கால் வைக்காது" என்றாள் அக்கா.

அவள் சொன்னது வாய்மொழி.

வெட்டியவர் விழுந்த கொப்பைப் புரட்டி, "சார், அணில் கூடு" என்றார். இலையும் குச்சியுமாக, குடம்போல் ஓர் உருண்டை. உள்ளே ஒன்றும் இல்லை. கையை விட்டால் நார் மெத்தென்று இருந்தது. வனத்துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும். எனக்குத் தெரியாத விதி அல்ல. சருகோடு சேர்த்துக் கொளுத்தினேன்.

"என்னலே அது?" என்று சன்னலில் இருந்து குரல் வந்தது.

"குப்பைக்கா."

அதன்பிறகு அணில் வரவில்லை. அக்கா நாற்காலியை விடவில்லை. ஒரு மத்தியானம், திரும்பாமலே கேட்டாள்.

"நெசமாவே பார்த்தேனாலே? இல்ல, வயசான கண்ணு ஏமாத்திருச்சா?"

ஒரு வார்த்தை போதும். நான் செய்தித்தாளை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அந்த ஐப்பசியில் அவள் போய்ச் சேர்ந்தாள்.

இப்போது புளியில் இருந்து மருதம்வரை தேங்காய்நார்க் கயிறு கட்டியிருக்கிறேன். மாடிக்கு மேலே போவதால் பக்கத்து வீட்டாரிடம் அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்தேன். "இதுக்கு எதுக்கு சார் பேப்பரு? கட்டிக்கோங்க" என்று திருப்பித் தந்துவிட்டார்.

சாயங்காலங்களில் அவள் நாற்காலியில் உட்காருகிறேன். நேற்று துளிகூடக் காற்று இல்லை. மாவிலை ஒன்றும் அசையவில்லை. கயிறு மட்டும் நடுவில் தாழ்ந்து, நிமிர்ந்து, சற்று நேரம் ஆடி நின்றது. கண்ணை எடுக்காமல்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கயிற்றின்மேல் எதுவும் தெரியவில்லை.

முதுகுக்குப் பின்னால் அக்கா கேட்ட அதே கேள்வி வந்து நின்றதுபோல் இருந்தது.

"கூடு இருந்துச்சுக்கா" என்றேன், சத்தமாகவே.

வீட்டில் கேட்க யாரும் இல்லை.