நாயகி வேலையை விட்ட வாரம்

தொலைக்காட்சித் தொடரின் நாயகி வேலையை விட்ட மாலை, நான் கும்மிடிப்பூண்டியில் வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. என் கணவரின் அம்மாவான அத்தை திரையைக் காட்டி, "பாத்தியா? குடும்பத்துக்கோசரம் வேலைய வுட்டுட்டா. உனுக்கு மட்டும் இன்னா பேஜாரு?" என்றார். இரண்டாயிரத்தை ஒட்டிய அந்த ஆண்டுகளில் பொன்னேரியில் எங்கள் தெரு முழுக்க அந்தத் தொடர்தான். தொழிற்சாலையில் தரப் பரிசோதனை செய்யும் என்னை வேலையை விடச் சொல்லி அத்தை வெகுநாளாக நச்சரித்துக்கொண்டிருந்தார். அதுவரை நழுவி வந்த என் கணவரும் அன்று, "மாசக் கடைசில ராஜினாமா எழுதிக் குத்துடேன்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கொடுமை என்னவென்றால், தொடரை எழுதியவர் எங்கள் மாடியில் குடியிருந்த பொருளாதாரப் பேராசிரியர். காலையில் கல்லூரி, மாலையில் கதை, வசனம். மாடியேறி நேராகவே கேட்டுவிட்டேன். அவர் கூச்சமில்லாமல் விளக்கினார்: "ஃபாக்டரி சீனுன்னா வேன், ஜெனரேட்டர், பர்மிஷன்னு ஏகப்பட்ட செலவும்மா. சமையல்கட்டு செட்டு ஏற்கெனவே போட்டு வச்சிக்கினு இருக்காங்க. அதான் அவள ஊட்டுக்குள்ள கொண்டாந்துட்டேன்."

"செலவு உங்களுக்கு மிச்சம் சார். வேலை போவறது எனக்கு" என்றேன். இப்படியொரு செலவும் உண்டு என்று அவர் நினைத்தே பார்த்திருக்கவில்லை.

தொழிற்சாலையில் படம்பிடிக்கத் தயாரிப்பாளர் கடைசிவரை ஒப்பவில்லையாம். பேராசிரியர் வேறு வழி கண்டுபிடித்தார். அடுத்த வாரம் நாயகி அதே சமையலறையில் டிபன் பாக்ஸ் கட்டி, "எனக்கு என் வேலை வேணும்" என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டினாள். கேமரா வாசலோடு நின்றுவிட்டது. அன்றுமுதல் காலையில் போவாள், மாலையில் வருவாள், அவ்வளவுதான். அந்தத் தந்திரத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும்.

அத்தைக்கு அது ஆகவில்லை. "எங்க போறான்னு ஒரு நாளாச்சும் காட்றானா பாரு" என்று திட்டிக்கொண்டே பார்த்தார். மாதக் கடைசி வந்து போனது. நான் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை, கணவரும் கேட்கவில்லை.

ஒரு மாலை விளம்பரம் ஓடும்போது அத்தை என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீ போற எடத்துல உக்கார நாற்காலி போடுவாங்களா, நின்னுக்கினேதான் இருக்கணுமா?"

அந்த வீட்டில் என் வேலையைப் பற்றி ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது.

"நின்னுக்கினேதான் அத்தே."

அவர் பாயில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.