விசாவுக்காக நடந்த கல்யாணம்

எனக்குக் கல்யாணம் பேசி முடித்து எட்டாம் நாளே தாலி கட்டியாயிற்று. என்ன அவசரம் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. மாப்பிள்ளை என் தாய்மாமன் மகன். கோயம்புத்தூரில் விவசாயப் படிப்பு முடித்தவர். சுற்றுப்பட்டில் அவ்வளவு படித்தவர் வேறு யாரும் கிடையாது. பருத்தியைப் பற்றி மேற்கொண்டு படிக்க வெளிநாட்டில் இடம் கிடைத்திருந்தது. விசாதான் கிடைக்கவில்லை.

கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் மாமா எங்கள் இருவரையும் பஸ்ஸில் கோவில்பட்டி போட்டோக் கடைக்குக் கூட்டிப்போனார்.

"தாலி நல்லாத் தெரியணும் அண்ணாச்சி. மெட்ராஸுக்கு அனுப்புத படம்" என்று கடைக்காரரிடம் சொன்னார்.

திரும்பும்போது பஸ்ஸில் அத்தானிடம் கேட்டேன். "மெட்ராஸ்ல யாருக்கு நம்ம படம்?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். அந்த நாட்டுத் தூதரகத்தில் அவரை உட்காரவைத்து, படிப்பு முடிந்தால் ஊர் திரும்புவீர்களா, திரும்ப அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். அப்பா இருக்கிறார், மானாவாரி நிலம் இருக்கிறது என்றிருக்கிறார். மழையை நம்பிக் கிடக்கிற கரிசல் நிலத்துக்காக ஒருவன் திரும்பி வருவான் என்று அவர்கள் நம்பவில்லை. அங்கேயே தங்கிவிடுவார் என்று மறுத்துவிட்டார்கள். இனி மேல்முறையீடு செய்யலாம். அதற்கு வலுவான காரணம் காட்ட வேண்டும்.

"பொண்டாட்டி இருந்தா நம்புவாங்கன்னு அப்பா சொன்னாவ."

"நெசமாவே திரும்பி வருவியளா?"

அவர் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

மனுவை அவரே இங்கிலீஷில் எழுதினார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதற்குத் தமிழில் சொன்னார். என் மனைவியை நெடுங்காலம் பிரிந்திருக்க என்னால் முடியாது என்று ஒரு வரி. என்னைப் பற்றி அவர் சொன்ன பிரியமான பேச்சு அது ஒன்றுதான். அதுவும் ஒரு வெள்ளைக்காரருக்கு எழுதியது.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. முற்றத்தில் நின்றபடியே படித்தார்.

"என்னலே போட்டிருக்கு?" என்றார் மாமா.

"விசா இல்லன்னு சொன்ன பெறகு பண்ணுன கல்யாணமாம். அதைக் காரணமா எடுத்துக்க முடியாதாம்."

மாமா தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அத்தை அடுப்படி வாசலில் நின்று என்னைப் பார்த்து, "நீ வந்த நேரம்" என்றாள்.

அந்த வருஷம் அவர் மில்லில் கிளார்க் வேலைக்குச் சேர்ந்தார். என்னை அடித்ததில்லை, வைததுமில்லை. இலையைப் பார்த்துச் சாப்பிடுவார், எழுந்து போய்விடுவார். மாதக்கணக்கில் அப்படியே போனது. பொறுக்க மாட்டாமல் தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போக ஆரம்பித்தேன்.

முதல் நாளே பக்கத்தில் இருந்த அக்கா கேட்டாள். "வீட்டுக்காரவிய மில்லுல இருக்காவ. நீ எதுக்குட்டி இங்கன வந்து கஷ்டப்படுத?"

"வீட்ல பேச ஆளில்லக்கா" என்றேன்.

அவள் சிரித்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.