பஜ்ஜிக் கடைக்குப் போன பதினான்காம் பக்கம்

இண்டூர் மாதையன் மகள் அன்பரசி என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டால் வீட்டிலேயே ஆளுக்கொன்று சொல்வார்கள். "கம்பெனி வக்கீலு" என்பார் மாதையன். "கோர்ட்டுப் படி ஏறாத வக்கீல்" என்பார் கணவர் தமிழ்ச்செல்வன். அவர் பள்ளிக்கூட வாத்தியார், நக்கல் கொஞ்சம் தூக்கல். உள்ளதைச் சொன்னால், ஓசூரில் தொழிற்சாலையும் பெங்களூரில் அலுவலகமும் வைத்திருக்கும் ஒரு ஜெர்மன் நிறுவனத்துக்கு அவள் தகவல் பாதுகாப்பு வக்கீல். ஆயிரத்து எழுநூறு ஊழியர்களின் ஆதார் எண், சம்பளம், நோய்நொடி எல்லாம் கம்பெனிக் கணினியில் கிடக்கிறது. அது யார் கைக்குப் போகலாம், யார் கைக்குப் போகக்கூடாது என்று பார்ப்பதுதான் வேலை.

வாரத்தில் இரண்டு நாள் பெங்களூருக்கு ரயில், மற்ற நாள் தருமபுரியில் வீட்டிலிருந்தபடியே. சேலத்தில் சட்டம் படித்துவிட்டு, ஆறு வருடம் ஒரு சீனியருக்காக வாய்தா வாங்கியே அலுத்துப்போனவள். இந்த வேலை கிடைத்தபோது சாமிக்கு மாவிளக்கு போட்டாள். ஐந்து வருடம் ஆகியும் அந்த நன்றி குறையவில்லை.

அப்படிப்பட்டவள் செய்த காரியத்தைக் கேளுங்கள். ஒரு வெள்ளிக்கிழமை, மருத்துவ விடுப்பு எடுத்தவர்களின் பட்டியலை மனிதவளத் துறை அவளுக்கு அனுப்பியது. பெயர், ஊர், வயது, விடுப்புக்கான காரணம் என்று இருபது பக்கம். "மனிதவளத் துறைக்கு மட்டும்" என்று மேலே போட்டிருந்தது. இப்படியொரு பட்டியல் வைத்திருக்கலாமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். காகிதத்தில் சிவப்பு மையால் கோடு போட்டுப் படித்தால்தான் அவளுக்கு மண்டையில் ஏறும். வீட்டு பிரிண்டரில் மை தீர்ந்திருந்தது. ஊரில் எல்லோரும் செய்வதையே அவளும் செய்தாள். தெருமுனை சலாவுதீன் ஜெராக்ஸ் கடைக்கு ஃபைலை வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டாள். முந்தின வாரம்தான் ஓசூரில் நூறு பேரை உட்கார வைத்து, கம்பெனி ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள் என்று ஒரு மணி நேரம் வகுப்பெடுத்திருந்தாள். யாருக்கு எடுத்தாளோ!

ஐந்தரை மணிக்குப் பதினான்காம் பக்கத்தில் கோடு போடும்போதுதான் உறைத்தது. கடையில் இந்தப் பக்கம் மிஷினில் சிக்கிக் கசங்கி வந்தது. சலாவுதீன் அதைக் கூடையில் எறிந்துவிட்டு மறுபடி போட்டுக் கொடுத்தார். அவள் கண் முன்னால்தான் எறிந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

"உங்க ஃபைல அப்பவே அழிச்சிட்டேங்க வக்கீலம்மா. யாரோடதையும் வச்சுக்கறதில்ல" என்று சலாவுதீன் போனை எடுத்துக் காட்டினார். "ஆனா கூடையத்தான் நாலரைக்குப் பச்சியப்பன் வந்து அள்ளிட்டுப் போயிட்டாருங்க."

பச்சியப்பன் பஸ் ஸ்டாண்டு பக்கம் பஜ்ஜி வண்டி போட்டிருப்பவர். ஜெராக்ஸ் கடையில் கெட்டுப்போன தாளெல்லாம் அவரிடம்தான் பஜ்ஜி மடிக்கப் போகும். சலாவுதீன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவளோடு கிளம்பினார். வரச் சொல்லி அவள் கேட்கவே இல்லை.

தாளைக் குறுக்காக மூன்றாகக் கிழித்து வைப்பது பச்சியப்பனின் வழக்கம். அந்தத் தாள் கட்டை உதறிப் பார்த்ததில் மேல் துண்டும் நடுத் துண்டும் அகப்பட்டன. அடித்துண்டு இல்லை.

"யாரோ வாழக்கா பஜ்ஜியோட வாங்கிட்டுப் போயிட்டாங்க போலருக்குதுங்க" என்றார் பச்சியப்பன். அறுபது வயது சலாவுதீன் முழுக்கைச் சட்டையைச் சுருட்டிவிட்டு, வண்டிக்குக் கீழே இருந்த எண்ணெய்ப் பிசுக்குக் குப்பை வாளியில் முழங்கை வரை விட்டுத் துழாவினார். கிடைக்கவில்லை. தன் தவறுக்கு இன்னொருவர் குப்பையில் கை விடுகிறாரே என்று அன்பரசி தண்ணீர் வாங்கி வந்து அவர் கையில் ஊற்றினாள்.

வீட்டுக்கு வந்து தன் பிரதியோடு ஒப்பிட்டாள். காணாமல் போன துண்டில் ஐந்து பெயர்கள். நான்கு பேருக்குக் காய்ச்சல், சுளுக்கு. அதை யார் படித்தாலும் ஒன்றுமில்லை. ஐந்தாவது வெண்மதி, கம்பைநல்லூர், வயது இருபத்துநான்கு, வலிப்பு நோய்க்குச் சிகிச்சை. கல்யாணம் பேசும் வயது. பஜ்ஜி தின்ற ஆள் கம்பைநல்லூர் பஸ்ஸில் ஏறியிருந்தால் அந்தப் பெண்ணின் கதி?

"யாருக்கும் தெரியாதுல்ல, வுட்டுடு" என்றார் தமிழ்ச்செல்வன். அவளுக்கும் ஒரு நிமிடம் அப்படித்தான் தோன்றியது. தோன்றவில்லை என்றால் பொய். பிறகு பெங்களூரில் இருக்கும் மேலதிகாரி அருள்குமாரை அழைத்து ஒன்றுவிடாமல் சொன்னாள். வேலை போய்விடும் என்றே நினைத்தாள்.

"நடந்தது நடந்தபடி எழுதுங்க, உங்க பேரப் போட்டு. காலையில அந்தப் பொண்ணுகிட்ட நீங்களே பேசிடுங்க."

"பஜ்ஜின்னும் எழுதணுங்களா சார்?"

"எழுதுங்க. ஜெர்மன்காரன் பஜ்ஜின்னா என்னன்னு கேப்பான், நான் சொல்லிக்கறேன். எழுத்துல கண்டிப்பு வரும், வாங்கிக்கங்க. வேலைக்கு நான் பொறுப்பு."

அந்த மனிதரை அவள் அன்றுபோல் என்றும் வாழ்த்தியதில்லை.

சனிக்கிழமை காலை ஓசூர் விடுதியில் இருந்த வெண்மதியை அழைத்தாள். யார் என்று சொல்லி, நடந்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டாள்.

"பஜ்ஜிப் பேப்பர்லயா மேடம்?" என்றாள் வெண்மதி. "அது போனாப் போவுதுங்க. நான் வேலை செய்யற லைன்லயே எல்லாத்துக்கும் தெரியுமே. மூணு மாசமா என்னைப் பேரு சொல்லி யாரும் கூப்புடறதில்ல, ஃபிட்ஸுன்னுதான் கூப்புடறாங்க. நான் கம்பெனி நர்ஸம்மாகிட்ட மட்டுந்தான் சொன்னேன். அவங்கதான் வெளிய சொல்லிட்டாங்கன்னு பேசறதையே வுட்டுட்டேன். அந்த லிஸ்ட்டு யார் யாருக்குங்க போவுது?"

"மனிதவளத் துறைக்கு மட்டுந்தாம்மா" என்றாள் அன்பரசி, தாளில் இருந்ததைப் பார்த்து.

"இல்லீங்க மேடம். எங்க சூப்பர்வைசர் போன்ல நானே பாத்தேன். என் பேருக்கு மஞ்சக் கலர் அடிச்சிருந்துச்சு. எங்கிருந்து வந்துச்சுன்னுதான் தெரியல."

அன்பரசி உடனே விசாரிக்க ஆரம்பித்தாள். ஒரு துண்டுக் காகிதத்துக்காக நேற்று பஸ் ஸ்டாண்டு வரை ஓடினாள். முழுப் பட்டியலும் மாதாமாதம் மனிதவளத் துறையிலிருந்தே சூப்பர்வைசர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போயிருக்கிறது. பதினாறு பேர் போனில் இருந்தது. ஒருவருக்குக்கூட அது தப்பென்று தோன்றவில்லை.

முதல் அறிக்கைக்குக் கீழே இரண்டாவது அறிக்கை எழுதினாள். அருள்குமார் கூடவே நின்றார். பத்து நாளில் காரணம் என்ற கட்டமே பட்டியலிலிருந்து போனது. பதினாறு போன்களிலும் அழிக்க வைத்தார்கள். நோயின் பெயரைச் சொல்லி இனி யாரும் யாரையும் கூப்பிடக்கூடாது என்று லைனில் அறிவிப்பும் வந்தது. அன்பரசிக்குக் கண்டிப்புக் கடிதமும் வந்தது.

இதையெல்லாம் சொல்ல வெண்மதியை மறுபடி அழைத்தாள்.

"நர்ஸம்மாகிட்ட போயி மன்னிப்புக் கேட்டுட்டேங்க மேடம். அழுதுட்டாங்க" என்றாள் வெண்மதி. "ரொம்ப நன்றிங்க."

"எனக்கு எதுக்கும்மா நன்றி? உன் பேப்பரத் தொலைச்சது நானு."

"தொலைக்கலன்னா நீங்க எனக்குப் போன் பண்ணியிருக்க மாட்டீங்களே மேடம்."

குத்திக்காட்ட அவள் சொல்லவில்லை, மனசாரத்தான் சொன்னாள். அன்பரசிக்கு அழுகை வந்துவிட்டது. ஆயிரத்து எழுநூறு பேரைக் காப்பாற்றும் வேலையில் ஐந்து வருடம். அவர்களுக்கு வகுப்பெடுத்திருக்கிறாள், சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறாள். உனக்கு ஏதாவது குறை இருக்கிறதா என்று ஒருவரிடமும் கேட்டதில்லை.

அடுத்த திங்கட்கிழமை பெங்களூர் ரயிலில் போனவள் தொழிற்சாலை இருக்கும் ஓசூரிலேயே இறங்கிக்கொண்டாள்.